கீழே கையொப்பமிட்டவர்

தலைநகருக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களில் ஆங்கிலத்துக்கு என்றுமே ஒரு தனி மரியாதை உண்டு. அது இலக்கியத்தின் மேல் கொண்ட மரியாதை அன்று. சோற்றின் மேல் கொண்ட மரியாதை. இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் உலை கொதித்தது அந்த மொழியால்தான்.

எங்கள் வீட்டுப் பெரியவர், அதாவது எங்கள் மகளின் தாத்தா, 1961-ஆம் ஆண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து புது தில்லி நிலையத்தில் இறங்கினார். அவர் கையில் இருந்த சொத்து இரண்டு சான்றிதழ்கள்: தட்டச்சில் ஹையர், சுருக்கெழுத்தில் லோயர். கரோல்பாகில் ஓர் அறையில் நால்வர் குடியிருந்தனர். ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றை நால்வருமாகப் பணம் போட்டு வாங்கி, தலையங்கத்தை உரக்கப் படித்துப் பழகினார்கள். அந்தப் பழக்கம் அவரை ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கொண்டுபோய் அமர்த்தியது; 2000-ஆம் ஆண்டு ஓய்வு பெறும் வரை அமர்த்தி வைத்தது.

அவர் கற்ற ஆங்கிலம் எத்தகையது என்பதை அரசுப் பணியில் உள்ள அன்பர்கள் அறிவார்கள். அலுவலகக் குறிப்பாணை ஒன்று எப்படித் தொடங்கும்? ‘கீழே கையொப்பமிட்டவர் பின்வருமாறு தெரிவிக்கும்படி பணிக்கப்பட்டுள்ளார்.’ பணித்தவர் யார் என்று அதில் தேடக்கூடாது. கோப்பு அனுப்பப்படுகிறது, விஷயம் பரிசீலிக்கப்படுகிறது, கோரிக்கை ஏற்பதற்கில்லை என்று கருதப்படுகிறது. செய்கிறவர் எவரும் இல்லாமலே எல்லாம் நடைபெறும். டி.ஓ. கடிதத்தில் மட்டும் அதிகாரி ‘நான்’ என்று எழுதலாம். அந்தக் கடிதத்தையும் வரைந்து கொடுப்பவர் எழுத்தர்தான். ஆனால் அந்த ‘நான்’ அவர் அல்லர்.

எங்களில் ஒருவர் பி.ஏ. முடித்து, பணியாளர் தேர்வு ஆணையத்தின் தேர்வை எழுதி, 2001-இல் அதே பாதையில் எழுத்தர் ஆனார். மற்றவர் ஆர்.கே. புரம் வட்டாரத்துக் குழந்தைகளுக்கு மாலை வேளைகளில் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுப்பவர். எங்களுக்கு ஒரே மகள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்றில் வணிகப் பிரிவில் படித்தாள். தமிழையும் விடாமல் படித்தாள். கணக்கில் நல்ல மதிப்பெண். ஆகவே அவள் பி.காம். படிப்பாள், பின்னர் பட்டயக் கணக்கராகவோ வங்கி அதிகாரியாகவோ ஆவாள் என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம். அதாவது, தீர்மானிக்கப்பட்டிருந்தது.

2022-இல், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, ஆங்கில இலக்கியம் படிக்கப் போவதாகவும், அதன் பிறகு எழுத்தும் திரைப்படமும் கற்கப் போவதாகவும் அவள் அறிவித்தாள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு முதன்முதலாக நடந்த ஆண்டு அது. தேர்வு எழுதிய பின், எந்தப் பாடம், எந்தக் கல்லூரி என்று விருப்பப் பட்டியல் ஒன்றைக் கணினியில் வரிசைப்படுத்தித் தர வேண்டும். அவள் ஆங்கில இலக்கியத்தை மேலே வைத்திருந்தாள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் எங்களில் எழுத்தரானவர் என்பதால், கடவுச்சொல் எங்களிடமும் இருந்தது.

ஓர் இரவு அந்தப் பட்டியலில் பி.காம். ஆனர்ஸ் முதல் இடத்துக்கு ஏறியது.

இரண்டு நாள் கழித்து அவள் பட்டியலின் அச்சுப் படி ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“இதை யார் மாத்தினது?” என்றாள்.

“என்னமோ மாறியிருக்கு போலிருக்கு” என்றோம்.

“தானா மாறாது அப்பா. யாரோ மாத்தினாத்தான் மாறும்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. நாங்களும் மேலே பேசவில்லை. கடைசித் தேதிக்கு முன் பட்டியல் பழையபடி திருத்தப்பட்டது. அவளுக்கு ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கிடைத்தது. வகுப்புகள் நவம்பரில்தான் தொடங்கின. ஆனால் அவள் கேட்ட கேள்வி எங்கள் மேசையிலேயே கிடந்தது.

எங்கள் அச்சத்தையும் வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும். அரசு ஊழியரின் பிள்ளைகளுக்குத் தரப்படும் கல்வி உதவித்தொகை பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடும். சொந்த வீடு கிடையாது; 2039-இல் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வருங்கால வைப்பு நிதியில் இருக்கும் தொகை ஒரு திருமணத்துக்கோ, துவாரகா பக்கம் ஒரு வீட்டின் முன்பணத்துக்கோ போதும், இரண்டுக்கும் போதாது. இந்நிலையில் ‘எழுத்து, திரைப்படம்’ என்று ஒரு பெண் சொன்னால், சம்பளப் பட்டியலில் அது எந்த நிலை, எந்த ஊதிய விகிதம் என்று கேட்கத்தான் தோன்றும்.

பழக்கதோஷத்தால் நாங்கள் ஒரு கோப்பு திறந்தோம். ‘ஆங்கிலம், எழுத்து, திரைப்படம்: பின்வரும் வாய்ப்புகள்’ என்பது பொருள். மூன்றாண்டுகளில் அதில் சேர்ந்தவற்றை, இதே கவலையில் இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்று கருதி இங்கே சுருக்கித் தருகிறோம்.

முதலாவது, எல்லோரும் அறிந்த ஆசிரியப் பணி. பள்ளிக்கு பி.எட்.; கல்லூரிக்கு முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வும். இரண்டாவது, பதிப்புத் துறை. நாட்டின் ஆங்கிலப் பதிப்பகங்கள் மிகுதியாக இருப்பது தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். மெய்ப்புத் திருத்துதல், பிரதியைச் செப்பனிடுதல் என்று தொடங்கிப் பதிப்பாசிரியர் ஆகலாம். நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்திய அகாதெமி போன்ற அமைப்புகளிலும் அத்தகைய பணிகள் உண்டு. ‘காகித மலர்கள்’ எழுதிய ஆதவன் நேஷனல் புக் டிரஸ்டில் பணிபுரிந்தவர் என்பதை நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். மூன்றாவது, மொழிபெயர்ப்பு. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசும்போது உடனுக்குடன் வேறு மொழியில் உரைத்துக் கொண்டிருப்பவர், இரண்டு மொழிகளில் எதுவும் காலை வாரிவிடாதபடி கற்ற ஒருவர்தானே! நான்காவது, செய்தித் துறை. இதற்கு 1965-இல் தில்லியில் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 1982-இல் தொடங்கிய மக்கள் தொடர்பியல் ஆய்வு மையமும் இருக்கிறது. இரண்டாவதில் படம் எடுக்கவும் சொல்லித் தருகிறார்கள்.

ஐந்தாவது தாள் திரைப்படம். இங்கே ஒரு வேறுபாட்டை நாங்கள் தாமதமாகவே புரிந்து கொண்டோம். திரைப்படத்தை இலக்கியத்தைப் போல ஆராய்ந்து கற்பது ஒன்று. படம் எடுக்கக் கற்பது வேறொன்று. முன்னதற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1993-லேயே தனித்துறை கண்டது. தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அத்தகைய முதுகலைப் படிப்பு உண்டு. பின்னதற்குப் புனேயில் 1960-இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கப்பட்ட நிறுவனமும், கொல்கத்தாவில் 1995-இல் சத்யஜித் ராய் பெயரால் நிறுவப்பட்ட நிறுவனமும் உள்ளன. புனேயில் திரைக்கதை எழுதுவதற்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. சேர்வதற்கு எந்தத் துறையிலும் ஒரு பட்டம் போதும். ஆனால் இடங்கள் மிகச் சில.

ஆறாவது தாளில், 2012-இன் பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றிக் குறித்து வைத்தோம். திரைப்படத்துக்காக எழுதிய கதை, வசனம், பாடல் ஆகியவற்றுக்கு, படம் வெளிவந்த பிறகும் எழுதியவர் உரிமைத்தொகையில் பங்கு பெறும் உரிமையை அச்சட்டம் தந்தது. மும்பையில் திரைக்கதையாசிரியர்களுக்கு ஒரு சங்கமும் உண்டு. எழுதியதை அங்கே பதிவு செய்துகொள்ளலாம். ‘பதிவு’, ‘சட்டம்’ என்னும் சொற்களைக் கண்டதும் எங்களுக்குச் சற்று மூச்சு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கோப்பு தடித்துக் கொண்டே போயிற்று. ஆனால் எந்தத் தாளிலும் ஒரு நியமன உத்தரவு இல்லை. பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் இருப்பது போன்ற நேர்ச் சாலை இங்கே கிடையாது. இந்தப் பட்டம் வேலையைத் தருவதில்லை; வேலை செய்யும் திறமையைத் தருகிறது. அதை எடுத்துக்கொண்டு வேலையைத் தேடிப் போக வேண்டியவர் படித்தவரே.

எங்கள் பிரிவில் வங்காளி நண்பர் ஒருவர் இருக்கிறார். விஷயம் அறிந்ததும், “நல்ல செய்திதானே, ஏன் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறீர்கள்?” என்றார். சத்யஜித் ராய் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், விளம்பர நிறுவனத்தில் சம்பளத்துக்குப் படம் வரைந்தவர், 1955-இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’யைப் பணமின்றித் தவித்து, மேற்கு வங்க அரசின் உதவியால் முடித்தவர் என்று விரிவாகச் சொன்னார். அந்தத் தொகை சாலை மேம்பாட்டுத் தலைப்பில் கணக்கெழுதப்பட்டதாகச் சொல்லப்படும் கதையையும் கூறி, எங்கள் கணக்குப் பிரிவை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார்.

அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தோம். நாம் நினைப்பது போல மாதச் சம்பள மேசையும் திரைப்படமும் அவ்வளவு தொலைவில் இல்லை. அடூர் கோபாலகிருஷ்ணன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் படித்து, அரசுப் பணியில் சேர்ந்து, 1962-இல் அதை விட்டுப் புனேக்குப் போனவர். பத்தாண்டு கழித்து ‘சுயம்வரம்’ வந்தது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ 1977-க்கான சிறந்த தமிழ்ப் படமெனத் தேசிய விருது பெற்றது. அதை இயக்கிய ஜான் ஆபிரகாம் புனேக்குப் போகுமுன் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலை பார்த்தவர். அதன் திரைக்கதையை எழுதிய வெங்கட் சாமிநாதனோ, இதே தில்லியில் மத்திய அரசுப் பணியில் இருந்தவர். நாங்கள் ஏறி இறங்கும் பேருந்துகளில் அவரும் ஏறி இறங்கியிருப்பார்.

இவற்றை மகளிடம் பெருமையாகச் சொன்னோம். அவள் ஜெமினி ஸ்டூடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ நாவலை எங்கள் முன் வைத்தாள். “ஜெயிச்சவங்க கதையை மட்டும் படிக்காதீங்க, இதையும் படிங்க” என்றாள். படத்தொழிலில் பெயர் தெரியாமல் உழைப்பவர்களைப் பற்றிய நாவல் அது. படித்து முடித்த இரவு எங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஆனால் இவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் போகிறாள் என்பதும் அன்றுதான் விளங்கியது.

இரண்டாம் ஆண்டில் அவளுக்கு ஒரு சிறு வேலை கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த ஒரு மாணவர் எடுத்திருந்த பதினெட்டு நிமிடப் படத்துக்கு ஆங்கிலத்தில் துணைவரி, அதாவது சப்டைட்டில், எழுத வேண்டும். திரையின் அடியில் இரண்டு வரிகளுக்கு மேல் போகக்கூடாது. பார்ப்பவர் படித்து முடிப்பதற்குள் மறையவும் கூடாது. நிமிடத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.

படம் ஒரு முதிய தம்பதியைப் பற்றியது. மனைவி கணவரிடம் நாள் முழுவதும் பேசுகிறாள். “காப்பி குடிச்சாச்சா?” “கிளம்பியாச்சா?” “மாத்திரை போட்டாச்சா?” ஒரு முறைகூட ‘நீங்க’ என்று சொல்வதில்லை. கடைசிக் காட்சியில், மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து, முதல் முறையாக ‘நீங்க’ என்கிறாள். படத்தின் உயிரே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்திலோ, ‘யூ’ என்ற சொல் இல்லாமல் காப்பி குடித்தாயிற்றா என்று கேட்கவே முடியாது. முதல் காட்சியிலேயே அது வந்துவிட்டால், கடைசியில் வருவதற்கு என்ன மதிப்பு?

மூன்று நாட்கள் இதோடு போராடினாள். நான்காம் நாள் பாட்டியிடம் போய் உட்கார்ந்தாள்.

“பாட்டி, நீ தாத்தாவை எப்படிக் கூப்பிடுவே?”

“கூப்பிடறதா? கூப்பிட்டதே இல்லையே. ‘ஆபீஸ்லேருந்து வந்தாச்சா’ன்னு கேப்பேன். அவ்வளவுதான்.”

“பேரைச் சொல்லக்கூடாதுன்னு பயமா?”

பாட்டி சற்று யோசித்தார். “பயம்னு சொல்ல முடியாதுடி. இருக்கிறது ஒத்தை ரூம். அதுலே இருக்கிறது ரெண்டு பேர். யாரைக் கேக்கறேன்னு எதுக்குத் தனியாச் சொல்லணும்?”

மகள் எழுந்து போய் எல்லா வரிகளையும் மாற்றி எழுதினாள். காப்பி, மாத்திரை, புறப்பாடு ஆகியவற்றை மட்டும் குறிக்கும் ஓரிரு சொல் வினாக்கள். முன்னால் யாரும் நிற்கவில்லை. ஆனால் ஒரே அறையில் இரண்டு பேர் இருப்பது மட்டும் தெரிந்தது. கடைசிக் காட்சியில் தனியே ஒரு ‘யூ’. படத்தை நாங்கள் நால்வரும் சேர்ந்து பார்த்தோம். பாட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வரி வந்ததும் நாங்கள் இருவரும் பேசாமல் இருந்ததைக் கண்டு, “சரியா வந்திருக்கு போலிருக்கே” என்றார்.

அந்தப் பெரியவர் கரோல்பாக் அறையில் தலையங்கத்தை உரக்கப் படித்துக் கற்ற மொழி, அறுபது ஆண்டு கழித்து, அவர் மனைவி வாழ்நாள் முழுவதும் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லைச் சொல்ல உதவிற்று. கோப்பின் எந்தத் தாளிலும் இந்தப் பயனை நாங்கள் குறித்து வைக்கவில்லை.

அதற்குப் பின் அவளுக்கு மேலும் வேலைகள் வந்தன. எல்லாம் இனிதே நடந்தன என்று சொன்னால் பொய்யாகும். ஒரு நிறுவனம் பதினான்காயிரம் ரூபாயை ஐந்து மாதம் தராமல் இழுத்தடித்தது. எங்களில் எழுத்தரானவர், தமக்குத் தெரிந்த வித்தையைக் காட்ட இதுவே சமயமென்று, நினைவூட்டுக் கடிதம் ஒன்றை வரைந்து கொடுத்தார். மேற்படி பொருள் தொடர்பாகக் கவனம் ஈர்க்கப்பட்டிருந்தது. தொகை இதுகாறும் பெறப்படவில்லை என்று தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.

மகள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள், கேலியாக அன்று. “அப்பா, இதுலே யாருமே இல்லையே” என்றாள். தானே மூன்று வாக்கியங்கள் எழுதினாள். நான் இந்த வேலையைச் செய்தேன். நீங்கள் பணம் தரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள். ஆங்கிலத்தில் அத்தனை நேராக ஒரு வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் எவரும் எழுதியதில்லை. பன்னிரண்டாம் நாள் பாதிப் பணம் வந்தது; மறுபாதி வரவே இல்லை. வந்த பாதி அந்த மூன்று வாக்கியங்களின் சம்பாத்தியம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்களில் ஒருவர் சொன்னார்: “அந்த லிஸ்ட்டை நான்தாம்மா மாத்தினேன்.” மற்றவர், “எனக்கும் தெரியும்; தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்” என்றார். மகள் தட்டிலிருந்து நிமிராமல், “தெரியும்” என்றாள். சிறிது நேரம் கழித்து, “இன்னும் கொஞ்சம் ரசம் விடுங்க” என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

2025-இல் அவள் ஒரு பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். நேர்காணல் வரை சென்று திரும்பி வந்தாள். மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியேறவும் வழி இருந்தது. நான்காம் ஆண்டும் படிப்பதென்று முடிவு செய்தாள். அது முடிந்ததும் புனேயின் திரைக்கதைப் படிப்புக்கு முயல்வது அவள் எண்ணம். அதுவும் கிடைக்காமல் போகலாம். எனவே நாங்கள் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறோம். பட்டம் பெற்ற பின் இரண்டு ஆண்டுகள், ‘சம்பளம் எவ்வளவு’ என்ற கேள்வி இவ்வீட்டில் எழாது. அதற்கு மேல் எங்களால் இயலாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டோம். அவளும் ஒரு வாக்குக் கொடுத்தாள்: அந்த இரண்டு ஆண்டுகளிலும் துணைவரி வேலையை விடமாட்டாள், மொழிபெயர்ப்புத் தேர்வுகளுக்கும் படிப்பாள்.

இதே கேள்வியோடு நிற்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்லக்கூடியது சிறிதே. பிள்ளையோடு சேர்ந்து ஒரு கோப்பு திறவுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் திறக்காதீர்கள். வீட்டில் பேசும் தமிழைக் கைவிடச் சொல்லாதீர்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் இந்நகரில் ஆயிரக்கணக்கில் உண்டு, ‘குடிச்சாச்சா’ என்பதில் யார் இருக்கிறார் என்று அறிந்தவர்கள் குறைவு. எத்தனை ஆண்டுகள், எவ்வளவு பணம் தாங்க முடியும் என்பதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இக்கட்டுரையை அனுப்புவதற்கு முன் மகளிடம் படித்துக் காட்டினோம். இரண்டு இடங்களில் ஒற்றுப்பிழை திருத்தினாள். “முழுக்க முழுக்க ‘நாங்கள்’னே எழுதியிருக்கீங்களே” என்றாள். இருபத்து நான்கு ஆண்டுப் பழக்கம், சட்டென்று போகாது என்றோம். “பரவாயில்லை, கையெழுத்தாவது போடுங்க” என்றாள்.

போட்டிருக்கிறோம், இருவரும்.